போன வருஷம் யார் ஜெயித்தது

நர்ஸ், மிஸி இந்திராணி, ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டார், இனி பன்னிரண்டு நிமிடம், பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவனுடைய மூளை சரியாக இருக்கிறதா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும், எங்கள் வீட்டில் சோறு வேகவே இருபது நிமிடம் ஆகிறது. உட்கார் தம்பி, உட்கார். கட்டில் கிரீச்சிடுகிறது. பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறை இது, கோடு போடும் சுண்ணாம்பு டிரம்மை மூலைக்குத் தள்ளிவிட்டு மருத்துவ அறை என்று ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள், தலைக்கு மேலே நாலாயிரம் பேர் காலைத் தட்டுகிறார்கள், ட்யூப்லைட் ஒவ்வொரு தட்டுக்கும் நடுங்குகிறது. எனக்கு இந்த அறை பிடிக்கவில்லை. இந்த நாளே பிடிக்கவில்லை. காலையில் எழுந்தபோதே உடம்பு போதும் போதும் என்றது. சர்வின் நெற்றியிலிருந்து சேறு வழிந்து புருவத்தில் நிற்கிறது, அதை அவன் துடைக்கவில்லை, துடைக்கத் தோன்றவில்லையா அல்லது அவசரத்தில் இருக்கிறானா என்பதையும் நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருபத்திரண்டு வயது, எங்கள் மலேசிய அணியின் ஏழாம் எண், எதிரியைப் பிடித்துக் கீழே சாய்ப்பதில் இவனை மிஞ்ச ஆளில்லை. இன்றைக்கும் அப்படித்தான் பாய்ந்தான், சிங்கப்பூர்க்காரனுடைய இடுப்பெலும்பு இவன் பொட்டில் பட்டது, எழுந்தான், எழுந்து போய் அரை வினாடி சிங்கப்பூர் வரிசையில் நின்றான். நான் பார்த்தேன். பிறகு தானே திரும்பி நம் பக்கம் வந்துவிட்டான். வீடியோவில் அது இல்லை, கேமரா பந்தோடு போய்விட்டது. நான் பார்த்தேன் என்று சொன்னால் நான் மட்டும்தான் பார்த்தேன், என் கண்ணை நம்பி எழுத வேண்டும், என் கண்ணை நம்பலாமா என்பது வேறு கேள்வி, அதைப் பிறகு பார்க்கலாம்.

"டாக்டர், நான் ஓகேதான் டாக்டர், சும்மா லேசா பட்டதுலா, சீக்கிரம் முடிங்க." முடிக்கிறேன் தம்பி. எல்லோரும் ஓகேதான். முப்பது வருஷத்தில் ஓகே இல்லை என்று சொன்ன ஒரு ரக்பிக்காரனை நான் பார்த்ததில்லை, காலெலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கும்போதும் ஓகேதான் என்பான். ஐந்து கேள்வி. ஐந்தில் ஒன்று தப்பினாலும் அவன் இன்றைக்குத் திரும்ப ஆட முடியாது, விதி அவ்வளவு சுலபம். "இது எந்த கிரவுண்டு?" "தாமான் செரிஜெயா." சரி. "இப்ப முதல் பாதியா, ரெண்டாவதா?" "ரெண்டாவது." சரி. "கடைசியா யாரு பாயிண்ட் போட்டது?" "அவனுங்கதான் டாக்டர், பெனால்டி. பதினேழு பதினஞ்சு, ரெண்டு பாயிண்டுதான், அதுக்குத்தான் சொல்றேன் என்னை விடுங்கன்னு." சரி, என் சட்டைப்பை நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆறு மாதமாக எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறேன், மைதானம், தேதி, எந்தப் பாதி, யார் போட்டது, எந்த நிமிடம். டாக்டர் ரொம்ப ஒழுங்கு என்கிறார் மிஸி. ஒழுங்கு இல்லை அம்மா, பயம். "இதுக்கு முந்தி கடைசியா எந்த டீமோட ஆடினீங்க?" "இவனுங்களோடதான். போன வருஷம், சிங்கப்பூர்ல. இந்த வருஷம் வேற மேட்ச்சே இல்லையே." சரி. "அதுல ஜெயிச்சீங்களா?" "ஜெயிச்சோம் டாக்டர். இருபது பதினெட்டு." சரி என்று பேனா போய்விட்டது, டிக் போட இறங்கிவிட்டது, தாளைத் தொடுமுன் நின்றது. ஜெயித்தோமா? நோட்டைப் புரட்டினேன். இன்றைக்கு உள்ளதெல்லாம் இருந்தது. போன வருஷத்தை எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை, இதையெல்லாமா எழுதுவார்கள், சிங்கப்பூரோடு ஆடியதை எவனாவது மறப்பானா.

நிதானமாக யோசி புவனேந்திரா, பதறாதே. போன வருஷம் நீ போயிருந்தாய், டாக்டராகப் போயிருந்தாய், அது தெரியும். பஸ்ஸில் பையன்கள் பாட்டுப் பாடி ஜன்னல் கண்ணாடியைத் தட்டியது நினைவிருக்கிறது, டிரைவர் சத்தம் போட்டது நினைவிருக்கிறது. உடை மாற்றும் அறையில் பெரிய பெரிய ஆட்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அழுததும் நினைவிருக்கிறது, ஒருவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், அவன் முதுகில் என் கை இருந்தது, ஈரமாக இருந்தது. பாட்டு ஒரு வருஷம், அழுகை ஒரு வருஷம். எது போன வருஷம்? மற்ற நாட்டோடு தோற்றால் அது வெறும் தோல்வி, மறந்துவிடலாம். சிங்கப்பூரோடு தோற்றால் கல்யாண வீட்டுக்குப் போக முடியாது, நம் சொந்தத்தில் பாதிப்பேர் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனைக்கு எத்தனை மாப்ளே என்று கேட்பான். மச்சான்! அதுதான் வழி. என் மனைவியின் அண்ணன் ராஜரத்தினம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்துகொண்டு, அவர்கள் ஜெயித்தால் விசில் ஊதி முடிப்பதற்குள் எனக்கு போன் அடிப்பார், அவர்கள் தோற்றால் இரண்டு வாரத்துக்கு அவருக்கு லைன் கிடைக்காது. போன வருஷம் அடித்தாரா? அடித்தார், குரல் காதில் கேட்கிறது, என்னா மாப்ளே, கண்ணைத் துடைக்க டவல் எடுத்துக்கிட்டுப் போனியா இல்லையா. அப்படியானால் தோற்றோம். அப்பாடா. பிறகு, மெதுவாக, வாசலில் யாரோ வந்து நிற்பதுபோல அது வந்தது. மச்சான் போய் மூன்று வருஷம் ஆகிறது. மண்டாய் சுடுகாட்டில் நான் மழையில் நின்றேன்.

"டாக்டர், மூணு நிமிஷம் ஆச்சு" என்றார் மிஸி. பத்துச் சொல். நான் படிக்கிறேன் தம்பி, நீ திருப்பிச் சொல்லு, கடைசியில் இன்னொரு தடவை கேட்பேன். குடை, சாவி, மாம்பழம், ஏணி, கடிதம், தொப்பி, ஆறு, விளக்கு, நாற்காலி, பாம்பு. இந்தப் பரீட்சையைப் பற்றி எனக்குத் தெரியாதா. ஜனவரியில் எல்லோரையும் உட்கார வைத்து நான்தான் எடுத்தேன், நல்ல மூளை எத்தனை சொல் சொல்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டால்தான் அடிபட்ட மூளை எத்தனை சொல்கிறது என்று ஒப்பிட முடியும். முன்வரிசைப் பையன்கள் எட்டுப் பேர் வந்தார்கள், சர்வினும் அதில் ஒருவன். எட்டுப் பேரும் ஐந்து சொன்னார்கள். ஆறில்லை, நாலில்லை, ஐந்தே ஐந்து. ஒருவன் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான், ஒருவன் வங்கியில் இருக்கிறான், எல்லோருக்கும் ஐந்துதான் நினைவிருக்கிறதாம். ஐந்தாவதைச் சொல்லிவிட்டு உதட்டை மடித்து ஒரு சிரிப்பு. நல்ல நாளிலேயே மக்காக இருந்துவிட்டால் கெட்ட நாளில் யாரும் பிடிக்க முடியாது, மூத்த ஆட்டக்காரன் இளையவனுக்குக் காதோடு சொல்லித்தரும் வித்தை. நான் கோச் ஹம்சாவைக் கூப்பிட்டு இது கள்ளக் கணக்கு, திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். ஹம்சா என் தோளில் கையைப் போட்டான். முப்பது வருஷத்துக்கு முன் ஸ்க்ரம்மில், எட்டுக்கு எட்டு முட்டும் அந்த மல்லுக்கட்டில், என் வலப்பக்கம் நின்று அதே கையைத்தான் போட்டிருப்பான். விடு புவன், நாம் செய்யாததா என்றான். கையெழுத்துப் போட்டேன். வேறு யார்மீது பழி போடுவது, நான்தான் போட்டேன்.

நாம் செய்யாததா. எங்கள் காலத்தில் இந்த அறை, இந்தத் தாள், இந்த மிஸி ஒன்றும் கிடையாது. வாளி மணியம் என்று ஒருவர், பள்ளிக்கூடத்துக் கிளார்க், ஆட்டத்தன்று மட்டும் ஒரு வாளித் தண்ணீரும் ஸ்பாஞ்சுமாக ஓடி வருவார், தலையில் பிழிவார், முகத்துக்கு நேரே விரலை நீட்டி எத்தனை என்பார். எப்போதும் இரண்டு விரல்தான் நீட்டுவார். பாவம், மனிதருக்கு மூன்று நீட்டத் தோன்றியதே இல்லை. அணியில் எல்லோருக்கும் தெரியும், விரல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ரெண்டு என்றால் போதும், போடா போ என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார். தொண்ணூற்றாறில் சிங்கப்பூரில், மழையில், ஸ்க்ரம்மில் என் தலையும் செல்வராஜ் தலையும் மோதின. அவர்களுடைய இரண்டாம் எண் அவன், எங்களுடைய இரண்டாம் எண் நான், ஸ்க்ரம்மின் நட்ட நடுவில் காதும் காதும் உரச நிற்பவர்கள். நான் அப்போது டாக்டருக்குப் படித்து முடித்தவன், மூளை எத்தனை மெத்தென்று இருக்கும் என்று கையில் எடுத்துப் பார்த்தவன். மணியம் விரலை நீட்டியபோது எனக்கு விரலும் தெரியவில்லை, மணியமும் தெரியவில்லை. ரெண்டு என்றேன். அந்த இரண்டாம் பாதி முழுக்க ஆடினேனாம். ஜெயித்தோமாம். கோப்பையைப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கும் போட்டோ கிளினிக்கில் மாட்டியிருக்கிறது, நோயாளிகள் கேட்பார்கள், நானும் ஆர்ப்பாட்டமாகக் கதை சொல்வேன், எல்லாம் ஹம்சா சொல்லிக் கேட்ட கதை. அந்த நாற்பது நிமிடம் என்னிடம் இல்லை. அன்றிலிருந்தே இல்லை.

சர்வின் சொற்களைச் சொல்லி முடித்துவிட்டான், எத்தனை சொன்னான், ஐந்து, எழுதினேன். இப்போது எண்கள், தலைகீழாக. நாலு ஒன்பது மூன்று. "மூணு ஒம்பது நாலு." நல்லது. மிஸியிடம் கேட்டுவிடலாமா? சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல, குரலில் ஒன்றும் காட்டாமல். "மிஸி, போன வருஷம் மேட்ச்சுக்கு நீங்க வந்திருந்தீங்களா?" மிஸி நிமிர்ந்தார். "என்னா டாக்டர், நீங்கதானே கார்ல கூட்டிட்டுப் போனீங்க? மூவார்ல நிறுத்தி சுட்ட மீன் ஓத்தாக் ஓத்தாக் வாங்கிக் கொடுத்தீங்களே." ஆமாம் ஆமாம் என்று சிரித்தேன். பஸ்ஸில் போகவில்லையா நான்? அப்படியானால் அந்தப் பாட்டு போன வருஷத்துப் பாட்டு இல்லை. அல்லது போகும்போது கார், வரும்போது பஸ்ஸா? காரை யார் ஓட்டி வந்தது? மிஸி இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, நரம்பு வார்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நோயாளி தன் பெண்ணின் பெயரைச் சொல்லத் தடுமாறும்போது பார்க்கும் பார்வை. இன்னொரு கேள்வி கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு வேளை இப்போதே தெரிந்துவிட்டதோ. வீட்டில் மனைவி கமலவேணிக்குத் தெரியுமா? நேத்தே சொன்னீங்களே என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போதெல்லாம் அதைச் சொல்வதில்லை, ஒரே விஷயத்தை மூன்றாம் தடவை சொன்னாலும் அப்படியா என்று கேட்டுக்கொள்கிறாள். போன மாதம் காரைக் காணோம் என்று பேரங்காடியின் நாலு மாடியும் ஏறி இறங்கினேன். கார் பட்டறையில் இருந்தது, காலையில் நானே கொண்டுபோய் விட்டேன். களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். களைப்பு நல்ல சொல், எதை வேண்டுமானாலும் அதற்குள் போட்டு மூடலாம்.

"ஆறு நிமிஷம், டாக்டர்." எழுந்திரு தம்பி, அந்த டேப் மேல் நட, குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டி ஒட்டி, போய்த் திரும்பி வா. நடக்கிறான். கொஞ்சம் ஆடுகிறான், கொஞ்சம்தான், சேற்றுப் பூட்ஸைக் கழற்றிய கால் யாருக்கும் ஆடும். செல்வராஜ் நடையும் இப்படித்தான் ஆடியது. இரண்டு வருஷம் முன்பு அவன் மனைவி எஸ்தர் போன் செய்தாள், அண்ணே ஒரு தடவ வந்து பாருங்க, உங்களையாவது தெரியுதான்னு பார்ப்போம் என்றாள். போனேன். பராமரிப்பு இல்லத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், போலீஸ் அதிகாரியாக இருந்தவன், சட்டைப் பொத்தானை யாரோ மாற்றிப் போட்டுவிட்டிருந்தார்கள். எஸ்தரைப் பார்த்து நர்ஸ் என்றான். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மனம் விட்டுப்போய்க் கிளம்பும்போது செருப்பு வார் மாட்டக் குனிந்தேன், அவன் சட்டென்று எழுந்து வந்து குனிந்தான், தலையை என் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கொண்டுவந்து பொருத்தினான், காதோடு காது, இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் எங்கே பொருந்தியதோ அதே இடத்தில். தள்ளத் தொடங்கினான். நானும் தள்ளினேன், வேறென்ன செய்வது. நாற்காலி சாய்ந்தது, நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். அவன் என் காதில் கேட்டான், "யாருடா லீடிங்கு?" நீங்கதான் என்றேன். சிரித்தான். எஸ்தர் சொன்னாள், ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறானாம், யாருக்குப் பதில் தெரியும், அவள் ஒவ்வொரு தடவையும் சிங்கப்பூர் என்கிறாளாம். பெண்டாட்டி பெயர் போய்விட்டது, பிள்ளைகள் போய்விட்டார்கள், எங்களை ஜெயிக்க வேண்டும் என்பது மட்டும் போகவில்லை. பாலத்தில் இரண்டு மணி நேர நெரிசலில் காருக்குள் உட்கார்ந்து நான் அழுதேன். அவனுக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கதவு திறந்து ஹம்சாவின் தலை தெரிந்தது. மலாயில் கேட்டான், "என்ன புவன், விடுவாயா மாட்டாயா? இவனுக்குப் பதிலாக இறக்கிய அந்தச் சின்னப் பையனை வைத்துக்கொண்டு என்னால் சமாளிக்க முடியாது." இன்னும் முடியவில்லை என்றேன். அவன் மிஸி கையிலிருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டினான், இரண்டே நிமிடம்தான் இருக்கிறது என்ற அர்த்தத்தில். என் வாய் தானாக ரெண்டு என்றது. ஆமாம் ரெண்டு, சீக்கிரம் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான். சந்தேகம் வந்தாலே நிறுத்தலாம், விதி அப்படித்தான் சொல்கிறது. சொல்லும். ஏப்ரலில் கிளப் ஆட்டத்தில் ஒருவனைச் சந்தேகத்தின் பேரில் நிறுத்தினேன், மறுநாள் ஸ்பெஷலிஸ்ட் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார், அந்த ஆட்டம் தோற்றது, எதை வைத்து நிறுத்தினீர்கள் என்று மூன்று பேர் உட்கார்ந்து என்னைக் கேட்டார்கள். எதை வைத்து? எனக்குத் தோன்றியது. வயசாயிடுச்சு டாக்டருக்கு என்று யாரோ முனகியது எனக்குக் கேட்டது. ஆகவே இப்போது எனக்குத் தாளில் ஒரு தப்பு வேண்டும், கறுப்பு மையில், யாரும் கேள்வி கேட்க முடியாதபடி. "தம்பி, அந்தப் பத்துச் சொல்லைத் திரும்பச் சொல்லு." "குடை. சாவி. ஏணி." நிறுத்தினான். மேலே யாரோ முரசு அடிக்கிறார்கள். "பாம்பு." கண்ணை மூடினான். "தொப்பி." ஐந்து. ஐந்து சொல்லிவிட்டான், ஜனவரியிலும் ஐந்து, இப்போதும் ஐந்து, தாளின்படி இவன் அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படியே, சுத்தம். ஆனால் அவன் நிறுத்தவில்லை. உதடு ஆறாவதைத் தேடிக்கொண்டிருந்தது, வாயைத் திறந்து மூடினான், தேடினான், இல்லை. ஜனவரியில் ஐந்தோடு ஒரு சிரிப்பு வந்ததே, அது வரவில்லை. சிரிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆக மிச்சம் இருப்பது ஐந்தாம் கேள்வி மட்டும்தான். மைதானம் சரி, பாதி சரி, பாயிண்ட் சரி, அணி சரி, சொற்கள் சரி, எண்கள் சரி, நடை போனால் போகிறது சரி. போன வருஷம் ஜெயித்தார்களா, அது சரியா? சரி என்று டிக் போட்டால் இவன் மேலே போவான், இன்னும் இருபத்தைந்து நிமிடம், இன்னும் பத்து முறையாவது பாய்வான், முதல் அடி பட்ட மூளைமேல் இரண்டாவது அடி பட்டால் என்ன ஆகும் என்று நான் வருஷா வருஷம் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறேன். கைபேசி ஆம்புலன்ஸில் சார்ஜில் கிடக்கிறது, போய் வர நாலு நிமிடம். ஹம்சாவிடம் கேட்கலாம், ஜெயித்தோம் என்பான், ஜெயித்திருந்தாலும் தோற்றிருந்தாலும் ஜெயித்தோம் என்பான். அறையில் மிஸி மட்டும் இருக்கிறார். கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் சும்மா இருக்க மாட்டார், நல்ல நர்ஸ், சும்மா இருக்கக் கூடாது. கிளினிக் போகும். கார்ச் சாவி போகும். கமலவேணி அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொண்டிருப்பது நின்று, உட்கார்ந்து அழுவாள். இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம், நோட்டு இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதினால் ஓட்டலாம், பெண் கல்யாணம் வரைக்குமாவது. இந்தப் பையன் சொன்னது சரியாகவே இருக்கலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாதிக்குப் பாதி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. சர்வின் பூட்ஸை மாட்டத் தொடங்கிவிட்டான். கயிற்றைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். குனிந்த கழுத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. வாளி மணியம் மூன்று விரல் காட்டியிருந்தால் என்று நான் எத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை, யாருக்காவது, மூன்று காட்டியிருந்தால்.

"மிஸி" என்றேன். "போன வருஷம் ஜெயிச்சோமா தோத்தோமா? எனக்கு ஞாபகமில்ல." குரல் நன்றாகத்தான் வந்தது, நானே ஆச்சரியப்பட்டேன். மிஸி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தோத்தோம் டாக்டர். பதினெட்டு, இருபது. கடைசி நிமிஷத்துல போட்டுட்டானுங்க." சர்வின் நிமிர்ந்தான். "இல்ல மிஸி, ஜெயிச்சோம். நாமதான் இருபது." "இல்லப்பா. நாம பதினெட்டு." அவர் குரல் தணிந்தது. "நீ ரூம்ல உக்காந்து அழுதுகிட்டு இருந்த, தலையில துண்டப் போட்டுக்கிட்டு. டாக்டர்தான் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக்கிட்டு இருந்தாரு. அடுத்த வருஷம் நம்ம ஊர்லடா தம்பி, பாத்துக்கலாம்னாரு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் உக்காந்திருந்தீங்க." நானும் சர்வினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஈர முதுகு இவனுடையது. அந்த அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் இருவர், நடந்தது இருவரிடமும் இல்லை, வாசலில் நின்று பார்த்த மிஸியிடம் இருக்கிறது. ஐந்தாம் கேள்விக்கு நேரே பெருக்கல் குறி போட்டேன், ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்று எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். பதினோரு நிமிடம் நாற்பது வினாடி என்றார் மிஸி.

ஹம்சா வந்தான், தாளைப் பார்த்தான், எதை வைத்து என்றான். காட்டினேன். போன வருஷம் ஜெயிச்சோம்னு சொல்றான் என்றேன். ஹம்சா சர்வினைப் பார்த்தான். தாளைக் கட்டில்மேல் எறிந்துவிட்டுப் போனான், இனி மூன்று மாதம் பேச மாட்டான், பேசாமல் இருக்கட்டும். சர்வின் பூட்ஸைக் கழற்றிச் சுவரில் அடித்தான். பிறகு மிஸி கொடுத்த ஐஸ் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அழுதான், அழுகை நின்ற பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகில் கை வைத்தேன், ஈரம், இது எனக்குப் பழகிய ஈரம் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே ஒரு பெரிய கூச்சல் எழுந்தது, யார் போட்டார்கள் என்று தெரியவில்லை, ட்யூப்லைட் நடுங்கி நின்றது. எனக்கு ஓடிப்போய்ப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவு களைப்பு. "டாக்டர்" என்றான் சர்வின், தலையைத் தூக்காமல். "உங்களுக்கு நெசமாவே ஞாபகமில்லையா?" "இல்லப்பா." "அங்கிளும் விளையாடினவருதானே." "ஆமா. ரெண்டாம் நம்பர்." டாக்டர் எப்போது அங்கிள் ஆனார் என்று நான் கவனிக்கவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "சரி, நான் கேக்கறேன். இது எந்த கிரவுண்டு?" கை சட்டைப்பைக்குப் போனது. நோட்டை எடுக்காதே புவனேந்திரா. "தாமான் செரிஜெயா." "எந்தப் பாதி?" "ரெண்டாவது." "கடைசியா யாரு போட்டது?" மேலே இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். "தெரியலப்பா." "எனக்கும் தெரியல" என்று சிரித்துவிட்டான், நானும் சிரித்தேன், மிஸி சிரிக்கவில்லை. "கடைசியா எந்த டீமோட ஆடினோம்?" "சிங்கப்பூர்." "ஜெயிச்சோமா?" தேடினேன். ஒரு கணம் ஒன்றுமே இல்லை, வெறும் சுவர். பிறகு அது இருந்தது, வைத்த இடத்திலேயே இருந்தது. "தோத்துட்டோம்" என்றேன். "பதினெட்டு, இருபது." சிங்கப்பூரோடு தோற்றதை என் வாழ்நாளில் இத்தனை சந்தோஷமாக நான் சொன்னதில்லை, தோத்துட்டோம் தம்பி, தோத்துட்டோம் என்று இன்னொரு தடவையும் சொன்னேன். சர்வின் என் கையைப் பிடித்துக்கொண்டான். மிஸி இந்திராணி பெட்டியிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலே என் பெயரை எழுதினார். பிறந்த தேதி கேட்டார். சொன்னேன்.